வெளியூரில் ஆபரேஷன், சொந்த ஊரில் தையல் பிரிப்பு: கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சென்னையிலோ மதுரையிலோ வேலூரிலோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, சில நாளில் டிஸ்சார்ஜ் ஆகி ஊர் திரும்புகிறவர்கள் நம்மில் ஏராளம். கிளம்பும்போது, "தையலை உங்கள் ஊரிலேயே யாரிடமாவது பிரித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வாக்கியம் சொல்லி அனுப்புவார்கள். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நம்பி வந்தால் எவ்வளவு அலைச்சல் என்பதை என் தந்தையின் முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அனுபவித்தேன். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவருக்குத் தோலை மூட நூலுக்குப் பதிலாக உலோக ஸ்டேப்ளர் பின்களைப் போட்டிருந்தார்கள். தென்காசிப் பக்கம் உள்ள எங்கள் ஊரில் முதலில் போன கிளினிக்கில் அந்தப் பின்களை எடுக்கும் கருவி கிடையாது. அடுத்த இடத்தில் கருவி இருந்தும், எந்த நாளில் எடுக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரிகூட இல்லாததால் அந்த மருத்துவர் கை வைக்க மறுத்துவிட்டார். அவர் மறுத்ததில் தவறே இல்லை. வாக்கர் பிடித்து நடக்கும் ஒருவரை ஆட்டோவில் ஏற்றுவதும் இறக்குவதுமாக நாங்கள் பட்ட பாட்டை வேறு யாரும் படக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தையல் பிரிப்பது பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. அதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டிய தகவல்களும் தாள்களும் இல்லாததால்தான் அது நாள் கணக்கில் இழுக்கிறது.

1. டிஸ்சார்ஜ் அன்றே எழுதி வாங்க வேண்டியவை

பில் கட்டிவிட்டு மருந்துப் பையோடு லிஃப்டில் இறங்குவதற்கு முன், வார்டில் உள்ள மருத்துவரிடம் சில விவரங்களைக் கேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்வதை அடுத்த மருத்துவர் ஏற்கமாட்டார்.

முதலில், தோலில் போட்டிருப்பது என்ன என்று கேளுங்கள். தானாகக் கரையும் நூலா, கரையாத நூலா, ஸ்டேப்ளர் பின்னா என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமையும். நைலான், பட்டு, பாலிபுரோப்பிலீன் நூல்கள் கரையாதவை. அவற்றைப் பிரித்தே ஆக வேண்டும். கேட்கட், விக்ரில், மோனோகிரில் போன்றவை கரைபவை. விக்ரில் முழுதாகக் கரைய ஏறக்குறைய 56 முதல் 70 நாட்கள் ஆகும் என்பதால், "இன்னும் நூல் தெரிகிறதே" என்று மூன்றாவது வாரத்தில் பதற வேண்டியதில்லை. வயிற்று அறுவைச் சிகிச்சைகளில் உள்ளடுக்குகளுக்குக் கரையும் நூலும் மேல்தோலுக்குக் கரையாத நூலுமாகப் போடுவது வழக்கம். ஆகவே, "கரைகிற தையல்தான் போட்டிருக்கிறது" என்று யாரேனும் சொன்னால், அது தோலுக்கும் சேர்த்துத்தானா என்று இன்னொரு முறை கேளுங்கள். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது, எத்தனை தையல் அல்லது எத்தனை பின் என்ற எண்ணிக்கை. மூன்றாவது, பிரிக்க வேண்டிய தேதி. "பத்து நாள் கழித்து" என்று எழுதியிருந்தால், தேதியாகவே குறிக்கச் சொல்லுங்கள். நான்காவது, ஒரே நாளில் முழுதும் பிரிப்பதா, ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தவணையில் பிரிப்பதா என்பது. ஐந்தாவதாக, சந்தேகம் வந்தால் உள்ளூர் மருத்துவர் பேசுவதற்கு வார்டு அல்லது டியூட்டி டாக்டரின் தொலைபேசி எண். எங்களைக் கடைசியில் காப்பாற்றியது அந்த எண்தான். வார்டிலிருந்து அறுவைச் சிகிச்சைக் குறிப்பை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பிய பிறகே வேலை நடந்தது.

ஸ்டேப்ளர் பின் என்று தெரிந்தால், பின் எடுக்கும் கருவி ஒன்றைக் கையோடு தர முடியுமா என்றும் கேளுங்கள். ஒரு முறை பயன்படுத்திவிட்டுப் போடுகிற, கிருமி நீக்கி உறையில் அடைத்த கருவிகள் உண்டு. சில மருத்துவமனைகள் அதை நோயாளியிடமே கொடுத்தனுப்புகின்றன. இல்லையென்றால் அறுவைச் சிகிச்சைப் பொருட்கள் விற்கும் கடைகளில் வாங்கலாம். உறையைப் பிரிக்காமல் அப்படியே மருத்துவரிடம் கொடுக்க வேண்டும்.

2. நாளைச் சரியாகக் கணக்கிடுங்கள்

நாட்களை அறுவைச் சிகிச்சை நடந்த தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். வீடு திரும்பிய நாளிலிருந்து எண்ணி, நான்கைந்து நாள் தாமதமாகப் போகிறவர்கள் பலர்.

உடலின் எந்தப் பகுதி என்பதைப் பொறுத்து நாள் மாறும். முகத்தில் போட்ட தையலைப் பொதுவாக 3 முதல் 5 நாட்களில் பிரித்துவிடுவார்கள். தலையிலும் வயிறு, மார்புப் பகுதிகளிலும் 7 முதல் 10 நாட்கள், கால்களிலும் முழங்கால், முழங்கை போன்ற மூட்டுகளின் மேலும் 10 முதல் 14 நாட்கள், உள்ளங்கை, உள்ளங்காலிலும் ஏறக்குறைய அதே அளவு ஆகும். முகத்துக்கு இரத்த ஓட்டம் அதிகம் என்பதால் காயம் சீக்கிரம் கூடுகிறது. மூட்டின் மேல்தோல் ஒவ்வொரு அசைவிலும் இழுபடுவதால் அதற்குக் கூடுதல் நாள் தேவைப்படுகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், ஸ்டீராய்டு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும், புகைப்பிடிப்பவர்களுக்கும் காயம் மெதுவாகக் கூடும் என்பதால், மருத்துவர் சில நாள் கூட்டித் தரலாம். இவை பொதுவான அளவுகளே. உங்கள் மருத்துவர் எழுதிய தேதி வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

சீக்கிரம் பிரித்தால் காயம் வாய் பிளக்கும். தாமதித்தாலும் தொல்லைதான்: நூல் போகிற துளையின் ஓரமாகத் தோல் உள்நோக்கி வளர்ந்து, தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகளைப் போல வரிவரியாகத் தழும்பு நின்றுவிடும், நூலைச் சுற்றிச் சீழ் பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. செவ்வாய்க்கிழமை, அஷ்டமி, நவமி என்று தையல் பிரிப்பதைத் தள்ளிவைக்கும் வீடுகளை நான் அறிவேன். காலில் உள்ள தையலுக்கு ஒரு நாள் தள்ளினால் பெரிய நட்டம் வராது. குழந்தையின் நெற்றியில் உள்ள தையலுக்கு அந்த யோசனையே வேண்டாம். குறித்த தேதி ஞாயிறாகவோ பண்டிகை விடுமுறையாகவோ விழுகிறதா என்பதை டிஸ்சார்ஜ் அன்றே காலண்டரில் பார்த்து, முன்னால் போவதா பின்னால் போவதா என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

3. எங்கே போவது என்று முன்கூட்டியே விசாரியுங்கள்

சாதாரண நூல் தையல் என்றால், ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா அரசு மருத்துவமனை, டிரெஸ்ஸிங் வசதி உள்ள தனியார் கிளினிக் ஆகிய எங்கும் பிரித்துக்கொள்ளலாம். மருத்துவர் காயத்தைப் பார்த்துச் சம்மதித்த பிறகு, அனுபவமுள்ள செவிலியர் பிரிப்பதே பெரும்பாலான இடங்களில் நடைமுறை. அதில் குறை ஒன்றுமில்லை. நாள்தோறும் இதையே செய்கிற கைகள் அவை. அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிப் பிரிவு காலை நேரத்தில்தான் முழு அளவில் இயங்கும் என்பதால், பதினோரு மணிக்கு மேல் போய் நின்றால் வரிசையிலேயே பொழுது போய்விடும்.

ஸ்டேப்ளர் பின் என்றால், போவதற்கு முந்தைய நாளே ஒருவரை அனுப்பியோ தொலைபேசியிலோ "பின் எடுக்கும் கருவி இருக்கிறதா, நாளை டிரெஸ்ஸிங் செய்பவர் வருவாரா" என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். கண்ணுக்குள் போட்ட தையல், நெஞ்சிலோ வயிற்றிலோ வைத்த குழாயைப் பிடித்து நிறுத்தும் தையல், ஏற்கெனவே சீழ் பிடித்து மறுபடி தைத்த காயம் ஆகியவற்றை உள்ளூரில் பிரிக்க முயலாமல், அறுவைச் சிகிச்சை செய்த இடத்துக்கே போக வேண்டும்.

மருந்துக்கடையில் வேலை பார்ப்பவரிடமோ, தெருவில் ஊசி போடுபவரிடமோ போகாதீர்கள். வீட்டுக் கத்தரிக்கோலால் நீங்களே வெட்டிக்கொள்வதும் வேண்டாம். பாதி நூல் உள்ளே தங்கி, அங்கே கட்டி எழும்பி, அதைத் திறந்து எடுக்க இன்னொரு முறை கத்தி வைக்க நேர்ந்தால் மிச்சப்படுத்திய பணம் எந்த மூலைக்கு?

4. எடுத்துச் செல்ல வேண்டிய தாள்கள்

டிஸ்சார்ஜ் சம்மரியின் மூலமும் ஒரு நகலும், மருந்துச் சீட்டு, சர்க்கரை நோய் இருந்தால் கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவு, ஏதேனும் மருந்துக்கோ, அயோடினுக்கோ, பிளாஸ்திரிக்கோ ஒவ்வாமை இருந்தால் அதை எழுதிய ஒரு துண்டுத் தாள். அறுவைச் சிகிச்சைக் குறிப்பு தனியாகக் கிடைத்திருந்தால் அதையும் வையுங்கள்.

விபத்தில் காயம்பட்டுத் தையல் போட்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் முதலில் பதிந்த விபத்துப் பதிவேட்டின் நகலை, அதாவது எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்று சொல்லும் தாளைப் பத்திரப்படுத்துங்கள். பிற்பாடு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குப் போட நேர்ந்தால், சிகிச்சை எந்தத் தேதி வரை நீண்டது என்பதற்குத் தையல் பிரித்த நாளின் ஓ.பி. சீட்டும் ஒரு சான்று. பலர் அந்தச் சீட்டை மருந்து வாங்கிய கையோடு தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

அலுவலகத்துக்கு விடுப்புச் சான்று கொடுத்திருப்பவர்கள், தையல் பிரிக்கும் அன்றே உடற்தகுதிச் சான்றிதழ் கிடைக்குமா, இல்லை ஓய்வை நீட்டிக்க வேண்டுமா என்று கேளுங்கள். முதல் சான்று முடியும் தேதிக்கும் அடுத்த சான்று தொடங்கும் தேதிக்கும் நடுவில் ஒரு நாள் விட்டுப்போனாலும் சம்பளப் பிரிவில் கேள்வி வரும். இ.எஸ்.ஐ. அட்டைதாரர்கள் தங்கள் மருந்தகத்தின் வழியாகவே இதைச் செய்வது நல்லது.

5. செலவு

அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தையல் பிரிக்கக் கட்டணம் இல்லை. தனியாரிடம் ஊருக்கு ஊர் மாறும். ஆலோசனைக் கட்டணம், டிரெஸ்ஸிங் கட்டணம், பஞ்சு, துணி, கையுறை போன்ற பொருட்களுக்கான கட்டணம் என்று மூன்று வரியாகப் பில் வரக்கூடும் என்பதால், "எல்லாம் சேர்த்து எவ்வளவு" என்று முதலிலேயே கேளுங்கள். அறுவைச் சிகிச்சையைப் பேக்கேஜ் தொகையில் செய்திருந்தால், தையல் பிரிப்பும் முதல் மறுபரிசோதனையும் அதிலேயே அடங்கியிருக்க வாய்ப்பு உண்டு. கேட்காதவர்களிடம் யாரும் வலியப் போய்ச் சொல்வதில்லை.

பிரதமர் ஜன ஆரோக்கிய யோஜனா விதிகளின்படி, டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாட்கள் வரையிலான தொடர் சிகிச்சையும் காப்பீட்டில் சேரும். தமிழ்நாட்டில் இத்திட்டம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்தே நடக்கிறது. ஆகவே, காப்பீட்டு அட்டையில் அறுவைச் சிகிச்சை செய்தவர்கள், அதே மருத்துவமனையில் தையல் பிரிக்கத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா என்பதை அங்குள்ள காப்பீட்டுத் திட்ட கவுண்டரில் கிளம்பும் முன் கேட்டுவிட வேண்டும்.

தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். பெரும்பாலான பாலிசிகள் டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாட்கள் வரையிலான செலவை ஏற்கின்றன. சிலவற்றில் 30 அல்லது 90 நாட்கள் இருக்கும். கேஷ்லெஸ் முறையில் சிகிச்சை பெற்றிருந்தாலும், இந்தப் பிந்தைய செலவுக்குத் தனியாக விண்ணப்பித்துத்தான் பணத்தைத் திரும்பப் பெற வேண்டும். நோயாளியின் பெயர், தேதி, ரசீது எண், "தையல் பிரிக்கப்பட்டது" என்ற குறிப்பு ஆகிய நான்கும் பில்லில் இருக்கின்றனவா என்று கவுண்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். துண்டுச் சீட்டில் எழுதித் தரும் தொகைக்குக் காப்பீடு கிடைக்காது.

6. அன்று காலை

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஆபரேஷன் என்ற நினைவில் வெறும் வயிற்றோடு வந்து, டிரெஸ்ஸிங் மேசையில் மயங்குகிறவர்கள் உண்டு. இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதற்காக அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் போதும். காயம் இருக்கும் இடத்தை எளிதில் திறந்து காட்டக்கூடிய தளர்ந்த உடையாக உடுத்துங்கள்.

காயத்தின் மேல் மஞ்சளோ தேங்காய் எண்ணெயோ பூசாதீர்கள். கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் பவுடரைத் தினமும் தூவினால், அது ஊறும் நீரோடு கலந்து காய்ந்து, சிமெண்டுப் பூச்சுபோல் முடிச்சுகளை மூடிக்கொள்ளும். அதை ஊறவைத்து எடுப்பதற்குத்தான் வலி அதிகம். முட்டை, மீன் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் வைப்பதும் தவறு. தசையும் தோலும் கூடுவதற்குப் புரதம் வேண்டும். மருத்துவர் தடை சொல்லாதவரை பருப்பு, முட்டை, மீன் எல்லாம் சாப்பிடலாம்.

7. பிரிக்கும்போது என்ன நடக்கிறது

பயத்தில் பாதி, என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரியாததால் வருவது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

படுக்கவைத்து, பழைய கட்டைப் பிரிப்பார்கள். துணி ஒட்டிக்கொண்டிருந்தால் சலைன் நீரில் நனைத்து, ஊறிய பிறகு எடுக்கச் சொல்லுங்கள். வெடுக்கென்று இழுக்க விடாதீர்கள். மருத்துவர் காயத்தின் இரு ஓரங்களையும் பார்ப்பார், லேசாக அழுத்தியும் பார்ப்பார். பிறகு கையைக் கழுவி, கையுறை மாட்டி, சலைனாலோ அயோடின் கரைசலாலோ காயத்தைத் துடைப்பார்கள். மயக்க ஊசி தேவைப்படாது.

நூல் தையலில், இடது கைச் சாமணத்தால் முடிச்சின் வாலைப் பிடித்து மெல்லத் தூக்குவார்கள். தூக்கியதும், அதுவரை தோலுக்குள் புதைந்திருந்த நூலின் ஒரு சிறு துண்டு, அழுக்குப் படாத நிறத்தில், முடிச்சுக்குக் கீழே வெளியே தெரியும். அந்த இடத்தில், தோலை ஒட்டினாற்போல், முனை வளைந்த கத்தரியாலோ தையல் வெட்டும் பிளேடாலோ ஒரு பக்கம் மட்டும் வெட்டி, முடிச்சைப் பிடித்துக் காயத்தின் கோட்டைப் பார்த்து இழுப்பார்கள். வெளியே வெயிலும் வியர்வையும் பட்டுக் கிடந்த நூல், தோலுக்குள் புகுந்து மறுபக்கம் வரக் கூடாது என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். வந்தால் அதிலுள்ள கிருமியும் கூடவே உள்ளே போகும். இரு பக்கமும் வெட்டினால் நடுத்துண்டு உள்ளேயே தங்கிவிடும். காயத்தைப் பார்த்து இழுப்பதற்குக் காரணம், எதிர்ப்பக்கம் இழுத்தால் புதிதாகக் கூடிய ஓரங்கள் பிரிய நேரிடும். முடி ஒன்றைப் பிடுங்குவது போன்ற சுருக்கென்ற உணர்வு இருக்கும், அவ்வளவுதான். தோலுக்கு அடியிலேயே ஓடும் ஒற்றை நூலாகப் போட்டிருந்தால், ஒரு முனையை வெட்டி மறுமுனையிலிருந்து நிதானமாக முழு நூலையும் உருவி எடுப்பார்கள். அது வழுக்கிக்கொண்டு வருவது விநோதமாக இருக்கும், வலி அதிகம் இராது.

ஸ்டேப்ளர் பின்னுக்குக் கத்தரியோ சாமணமோ உதவாது. கருவியின் கீழ்த்தாடையில் உள்ள இரண்டு பற்களைப் பின்னுக்கு அடியில் நுழைத்துக் கைப்பிடியை அழுத்தினால், மேல்தாடை பின்னின் நடுவில் இறங்கி அதை மடக்கும். தோலுக்குள் இருந்த இரு முனைகளும் தாமாகவே மேலே எழும். முழுதாக அழுத்தி முடிக்கும் முன் தூக்கினால்தான் வலிக்கும். என் தந்தைக்கு எடுத்த செவிலியர், ஒவ்வொரு பின்னையும் எஃகுத் தட்டில் தனித்தனியாகப் போட்டு, சத்தமாக எண்ணிக்கொண்டே போனார். முடிவில், சென்னையிலிருந்து வந்த குறிப்பில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையுறையைக் கழற்றினார். எல்லா இடங்களிலும் இப்படி எண்ண வேண்டும். எண்ணாவிட்டால், எண்ணிச் சொல்லும்படி நீங்கள் மரியாதையாகக் கேளுங்கள்.

அனுபவமுள்ளவர்கள் முதலில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து, காயம் விலகாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே மீதியை எடுப்பார்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

8. அன்று பிரிக்கக் கூடாத காயம்

ஓரங்கள் சேராமல் இடைவெளி தெரிந்தாலோ, சீழ் வந்தாலோ, சுற்றிலும் சிவந்து சூடாக வீங்கியிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். தேதி வந்துவிட்டது என்பதற்காகப் பிரித்தே ஆக வேண்டும் என்பதில்லை. பாதி பிரித்ததும் காயம் விலகினால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அதைச் சிகிச்சையில் தோல்வி என்று எண்ண வேண்டாம்.

வயிற்றில் பெரிய அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முதல் வாரத்தையொட்டித் திடீரென்று இளஞ்சிவப்பு நிறத்தில் தண்ணீர் போன்ற திரவம் கட்டை நனைத்துக்கொண்டு வந்தால், உள்ளடுக்குத் தையல் விட்டுப்போவதன் அடையாளமாக அது இருக்கலாம். அப்போது தையல் பிரிக்கும் தேதிக்காகக் காத்திருக்காமல், நோயாளியைப் படுக்கவைத்து, 108-ஐ அழைத்து, அறுவைச் சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

9. பிரித்த பிறகு

தையல் போனதும் காயம் பழைய பலத்துக்கு வந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு வாரத்துக் காயத்துக்கு இயல்பான தோலின் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். மூன்று மாதம் ஆன பிறகும் 70 முதல் 80 சதவீதம் வரையே வரும். வயிற்று அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள் குடம் தூக்குவது, கேஸ் சிலிண்டர் நகர்த்துவது, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைப்பது போன்ற வேலைகளை எப்போது தொடங்கலாம் என்று நாள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இருசக்கர வாகனம் ஓட்டுவதற்கும் அப்படியே.

காயத்தின் மேல் குறுக்காக ஒட்டும் மெல்லிய பட்டைகளை ஒட்டி அனுப்பினால், அவற்றை உரிக்காமல் விட்டுவிடுங்கள். சில நாளில் தாமாகவே ஓரம் சுருண்டு விழும். குளிப்பது எப்போது என்று கேளுங்கள். குளித்த பிறகு தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். வாய்க்கால், குளம், கிணற்றுக் குளியல் காயம் முழுதும் மூடும் வரை கூடாது. புதுத் தழும்பில் வெயில் பட்டால் கருத்துப்போகும் என்பதால், முகத்திலோ கையிலோ தழும்பு உள்ளவர்கள் சில மாதங்களுக்குத் துணியாலோ சன்ஸ்கிரீனாலோ மறைத்துக்கொள்வது நல்லது.

கிளம்பும் முன், பிரித்த தேதி, எடுத்த எண்ணிக்கை, காயத்தின் நிலை ஆகிய மூன்றையும் ஓ.பி. சீட்டில் எழுதி மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, அதைப் படம் எடுத்து, அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவமனைக்கு அன்றே அனுப்பிவிடுங்கள். அடுத்த மறுபரிசோதனைக்குப் போகும்போது உங்கள் கோப்பில் அந்தத் தாள் ஏற்கெனவே இருக்கும்.